வீட்டு வரி சீட்டு கையில் இருக்கா? பதறாதீங்க... கணக்கு இதுதான்! அவிநாசி வீட்டுக்காரர்களுக்கு முழு விவரம்

அவிநாசி:
"போன தடவை ஒரு தொகை, இந்த தடவை ஒரு தொகை... எப்படிங்க கூடுச்சு?" வரி வசூல் மையத்தில் வரிசையில் நிற்கிற பலர் வாயில் இருந்து வரும் கேள்வி இது. பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருப்பதில்லை. சீட்டில் போட்டிருக்கும் தொகையை கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து புலம்புவதோடு விஷயம் முடிந்து விடுகிறது.

பனியன் கம்பெனியில் வாரச்சம்பளம் வாங்குகிறவர், வீட்டு முன்னாடி 2 தையல் மெஷின் போட்டு பிழைக்கிறவர், லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறவர்... எல்லோருக்கும் இந்த வரி உண்டு. கணக்கு தெரிந்தால் கூடுதலாக போட்டிருந்தால் கேட்கலாம். தெரியாவிட்டால் கேட்கிற தொகையை கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வரி எப்படி போடுகிறார்கள், எப்போது கட்டினால் லாபம், தப்பாக இருந்தால் என்ன செய்வது என்ற விவரம் வருமாறு:

எந்த வரி யாருக்கு?

முதலில் ஒரு குழப்பத்தை தீர்த்துக்கொள்வோம். "வரி" என்று சொன்னாலே நம்ம ஊர் பெரியவர்கள் கந்தாயம், கிஸ்தி என்பார்கள். கிஸ்தி என்பது தோட்டம், காடு போன்ற நிலத்துக்கு கிராம நிர்வாக அலுவலரிடம் கட்டுவது. அது அரசின் வருவாய்த்துறைக்கு போகும்.

சொத்து வரி என்பது வேறு. வீடு, கடை, குடோன், தொழிற்கூடம் போன்ற கட்டடங்களுக்கு உள்ளாட்சி அமைப்புக்கு கட்டுவது. நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சி பகுதியில் இதற்கு சொத்து வரி என்று பெயர். கிராம ஊராட்சியில் வீட்டு வரி என்று பெயர். மக்கள் இரண்டையும் வீட்டு வரி என்றே சொல்கிறார்கள்.

நகரப்பகுதி சொத்து வரி, 1998-ம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின்படியும், 2023-ல் வந்த அதன் விதிகளின்படியும் வசூலிக்கப்படுகிறது. கிராம ஊராட்சியில் வீட்டு வரிக்கு 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம்.

குடிநீர் கட்டணம், பாதாள சாக்கடை கட்டணம், தொழில் வரி எல்லாம் தனித்தனி. சொத்து வரி கட்டிய ரசீதை காட்டி "தண்ணிக்கும் சேர்த்து கட்டிட்டேன்" என்று சொன்னால் எடுபடாது. காலி மனைக்கும் தனியாக காலி மனை வரி உண்டு. சைட் வாங்கி சும்மா போட்டிருப்பவர்கள் இதை மறந்து விடுகிறார்கள். வீடு கட்ட அனுமதி கேட்டு போகும்போது மொத்த பாக்கியும் வந்து நிற்கும்.

அவிநாசி நிலவரம்

அவிநாசி முன்பு கோவை மாவட்டத்தில் இருந்தது. 2009-ல் திருப்பூர் மாவட்டம் செயல்பாட்டுக்கு வந்தபோது அதில் சேர்ந்தது. நீண்ட காலமாக பேரூராட்சியாக இருந்த ஊர், 2025 தொடக்கத்தில் தமிழக அரசு அறிவித்த புதிய நகராட்சிகளில் ஒன்றானது. பக்கத்தில் உள்ள திருமுருகன்பூண்டி 2021-லேயே நகராட்சி ஆகிவிட்டது. சேவூர், கருவலூர் போன்ற ஊர்கள் ஊராட்சிகள்.

"நகராட்சி ஆயிட்டா வரி ரெண்டு மடங்கு ஆயிருமாமே?" என்பது டீக்கடைகளில் ஓடும் பேச்சு. இதில் பாதி உண்மை, பாதி பயம்.

2022-ல் அரசு வரியை உயர்த்தியபோது பேரூராட்சிக்கும் நகராட்சிக்கும் ஒரே சதவீதம்தான் அறிவித்தது. ஆகவே ஏற்கனவே பேரூராட்சியாக இருந்த இடத்தில் உள்ள வீட்டுக்கு, போர்டு மாறியதால் மட்டும் வரி இரட்டிப்பு ஆகாது. அடுத்து எப்போதாவது பகுதி வாரியாக சதுர அடி மதிப்பை திருத்தினால்தான் வித்தியாசம் தெரியும்.

ஊராட்சியில் இருந்து நகர எல்லைக்குள் வருகிற வீடுகளின் கதை வேறு. ஊராட்சி வீட்டு வரியை விட நகரத்து சொத்து வரி கூடுதல்தான். தவிர, 100 நாள் வேலை என்று மக்கள் சொல்லும் ஊரக வேலை திட்டம் நகராட்சி எல்லைக்குள் கிடையாது. அதனால்தான் தமிழகத்தில் எங்கே ஊராட்சிகளை நகரத்தோடு இணைப்பதாக அறிவித்தாலும் அந்த ஊர் மக்கள் மனுவோடு கலெக்டர் ஆபீசுக்கு போகிறார்கள். ரோடு, குடிநீர், தெருவிளக்கு நன்றாக வரும் என்பது ஒரு பக்கம். வரியும் வரும், வேலையும் போகும் என்பது இன்னொரு பக்கம். இரண்டுமே உண்மை என்பதால்தான் இந்த விஷயத்தில் ஊருக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது.

வரியை எப்படி கணக்கு போடுறாங்க?

வீட்டின் விலை எவ்வளவு என்று பார்த்து இந்த வரி போடப்படுவதில்லை. அந்த கட்டடத்தால் ஆண்டுக்கு எவ்வளவு வாடகை வருமானம் வரலாம் என்று ஒரு மதிப்பு போடுவார்கள். அதற்கு ஆண்டு மதிப்பு என்று பெயர். அதில் ஒரு குறிப்பிட்ட சதவீதம்தான் வரி. நீங்களே குடியிருந்தாலும் இந்த மதிப்பு போடப்படும்.

இதற்கு 5 விஷயங்களை பார்ப்பார்கள்.

1. எங்கே இருக்கு? ஊரை பகுதி வாரியாக பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சதுர அடிக்கு ஒரு அடிப்படை மதிப்பு வைத்திருப்பார்கள். மெயின் ரோட்டில் உள்ள கட்டடத்துக்கு மதிப்பு அதிகம். உள்சந்து வீட்டுக்கு குறைவு.

2. எத்தனை சதுர அடி? சுவரையும் சேர்த்து கட்டடம் நிற்கும் பரப்பு கணக்கில் வரும். மாடி இருந்தால் அதுவும் சேரும். காலி வாசல் சேராது.

3. எப்படிப்பட்ட கட்டடம்? தார்சு வீடா, ஓட்டு வீடா, ஆஸ்பெட்டாஸ் ஷீட்டா, கூரையா என்பதை பொறுத்து மதிப்பு மாறும். தார்சுக்குத்தான் அதிகம்.

4. எதுக்கு பயன்படுத்துறீங்க? குடியிருப்பா, கடையா, தொழிற்கூடமா? இதுதான் வரியை தூக்கி விடுகிற இடம்.

5. எத்தனை வருஷம் ஆச்சு? பழைய கட்டடத்துக்கு வயதுக்கு ஏற்ப தேய்மான கழிவு உண்டு.

இந்த 5-ல் எது தப்பாக பதிவாகி இருந்தாலும் வரி தப்பாகத்தான் வரும். ஓட்டு வீட்டை தார்சு என்றும், குடியிருப்பை கடை என்றும் பதிவு செய்திருந்தால் ஆயுசுக்கும் கூடுதல் வரிதான். எனவே வரி கேட்பு சீட்டை வாங்கியதும் தொகையை மட்டும் பார்க்காதீங்க. மேலே உள்ள விவரங்களையும் பாருங்க. சீட்டில் அந்த விவரம் இல்லாவிட்டால் ஆபீசில் வரி விதிப்பு எண்ணை சொல்லி கேட்கலாம்.

2022-ல் என்ன நடந்தது?

இப்போது நாம் கட்டும் தொகைக்கு அடித்தளம் 2022 ஏப்ரலில் போடப்பட்டது. அதற்கு முன்பு சென்னை தவிர மற்ற நகரங்களில் 2008-ல்தான் பொது சீராய்வு நடந்திருந்தது. 2018-ல் ஒரு உயர்வு அறிவித்தார்கள். கடும் எதிர்ப்பு கிளம்பியதால் 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். கூடுதலாக கட்டியவர்களுக்கு அடுத்த வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று அறிவித்தனர்.

பிறகு 2022-ல் ஒரே அடியாக உயர்வு வந்தது. சென்னை தவிர மற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் குடியிருப்பு கட்டடங்களுக்கு அறிவித்த உயர்வு:

600 சதுர அடிக்கு உட்பட்ட வீடு - 25 சதவீதம்.
601 முதல் 1,200 சதுர அடி வரை - 50 சதவீதம்.
1,201 முதல் 1,800 சதுர அடி வரை - 75 சதவீதம்.
1,800 சதுர அடிக்கு மேல் - 100 சதவீதம்.

கடை, காம்ப்ளக்ஸ் போன்ற வணிக கட்டடங்களுக்கு 100 சதவீதம். தொழிற்சாலைகளுக்கும், சுயநிதி பள்ளி, கல்லூரிகளுக்கும் 75 சதவீதம்.

அதற்கு பின் 2023 விதிகளில் ஆண்டுதோறும் உயர்த்தும் முறை வந்தது. அதன்படி 2024 அக்டோபரில் தொடங்கிய அரையாண்டில் இருந்து 6 சதவீதம் கூடியது.

கணக்கு போட்டு பார்ப்போமா?

புரிவதற்காக ஒரு கற்பனை கணக்கு. தொகை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். கணக்கு போடும் முறை மட்டும் இதுதான்.

முதல் வீடு: 550 சதுர அடி. 2022-க்கு முன்பு அரையாண்டுக்கு 200 ரூபாய் வரி. 25 சதவீதம் கூடி 250 ஆனது. 6 சதவீதம் கூடி 265 ஆனது. ஆண்டுக்கு 530 ரூபாய்.

இரண்டாவது வீடு: 1,000 சதுர அடி. பழைய வரி 400 ரூபாய். 50 சதவீதம் கூடி 600. பிறகு 636. ஆண்டுக்கு 1,272 ரூபாய்.

மூன்றாவது வீடு: 1,500 சதுர அடி. பழைய வரி 800 ரூபாய். 75 சதவீதம் கூடி 1,400. பிறகு 1,484. ஆண்டுக்கு 2,968 ரூபாய்.

நான்காவது, ஒரு கடை: பழைய வரி 500 ரூபாய். 100 சதவீதம் கூடி 1,000. பிறகு 1,060. ஆண்டுக்கு 2,120 ரூபாய்.

உங்க பழைய ரசீதை எடுத்து இதே மாதிரி போட்டு பாருங்க. 2021-22 ரசீது இருந்தால் போதும். கணக்கு கிட்டத்தட்ட ஒத்து வந்தால் சரி. ஒத்து வராமல் ரொம்ப கூடுதலாக இருந்தால் ஏதோ மாறியிருக்கிறது. பரப்பு கூடியிருக்கலாம், பயன்பாடு மாறியிருக்கலாம், அல்லது பதிவில் தப்பு இருக்கலாம்.

இதில் இன்னொரு விஷயம். 590 சதுர அடி வீட்டை 620 என்று அளந்து எழுதிவிட்டால் 25 சதவீத உயர்வு 50 சதவீதமாக மாறிவிடும். பழைய வரி 240 ரூபாய் என்றால் 300 வர வேண்டிய இடத்தில் 360 வரும். அரையாண்டுக்கு 60 ரூபாய்தானே என்று விட்டால் அது ஒவ்வொரு உயர்விலும் சேர்ந்து வளரும். 600, 1,200, 1,800 இந்த 3 எல்லைக்கு பக்கத்தில் உள்ள வீட்டுக்காரர்கள் டேப் பிடித்து அளந்து பார்ப்பது நல்லது.

ஏன் இந்த உயர்வு?

"எல்லாம் டெல்லி சொல்லித்தான்" என்று மாநில அரசு சொன்னது. அதில் உண்மை உண்டு. உள்ளாட்சிகளுக்கு மானியம் தரும் 15-வது நிதிக்குழு ஒரு நிபந்தனை போட்டது. சொத்து வரிக்கு குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும், மாநில பொருளாதாரம் வளர்வதற்கு ஏற்ப வரி வசூலும் வளர வேண்டும், அப்போதுதான் நகரங்களுக்கு மானியம் என்றது. அதைத்தான் தமிழக அரசு காரணமாக காட்டியது. "அதுக்காக ஒரே நேரத்தில் இவ்வளவா?" என்பது எதிர்ப்பாளர்கள் கேள்வி.

14 வருஷம் உயர்த்தாமல் விட்டு ஒரே நாளில் உயர்த்தியதுதான் மக்களுக்கு வலித்தது. 2024 டிசம்பரில் திருப்பூரில் வியாபாரிகள் சொத்து வரி உயர்வை கண்டித்து கடையடைப்பு நடத்தினார்கள். கடை வாடகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கும் முறை அந்த ஆண்டு அக்டோபரில் விரிவுபடுத்தப்பட்டதும் சேர்ந்து அவர்கள் கோபத்தை கூட்டியது.

எப்போ கட்டினால் லாபம்?

சொத்து வரி ஆண்டுக்கு 2 தடவை. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை முதல் அரையாண்டு. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இரண்டாம் அரையாண்டு.

அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழித்துக்கொள்வார்கள். அதிகபட்சம் 5,000 ரூபாய். அதாவது ஏப்ரல் மாதமும் அக்டோபர் மாதமும்தான் நமக்கு லாபமான மாதங்கள். அவிநாசிக்காரர்கள் சுலபமாக நினைவு வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. சித்திரை தேரோட்டத்துக்கு ஊர் தயாராகும் சமயம் ஒரு தடவை, தீபாவளி போனஸ் பேச்சு தொடங்கும் சமயம் ஒரு தடவை.

நேரத்துக்கு கட்டாவிட்டால் பாக்கிக்கு மாதம் 1 சதவீதம் வட்டி. கந்துவட்டியை விட இது குறைவுதான். ஆனால் சும்மா விட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம் ஆகிவிடும்.

மேலே சொன்ன 636 ரூபாய் வீட்டையே எடுத்துக்கொள்வோம். முதல் மாதத்தில் கட்டினால் 31 ரூபாய் 80 காசு மிச்சம். ஆண்டுக்கு 63 ரூபாய் 60 காசு. ஒரு வருஷம் இழுத்தடித்தால் அந்த ஒரு அரையாண்டு பாக்கிக்கு மட்டும் 76 ரூபாய் 32 காசு வட்டி. லைன் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை வீட்டு எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தால் தொகை புரியும்.

எங்கே கட்டணும்?

நகராட்சி வசூல் மையத்தில் நேரில் கட்டலாம். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான அரசு இணையதளத்தில் வரி விதிப்பு எண்ணை போட்டு கார்டு, நெட் பேங்கிங், யு.பி.ஐ. மூலமும் கட்டலாம். கிராம ஊராட்சி வீட்டு வரிக்கு ஊரக வளர்ச்சித்துறையின் தனி இணையதளம் இருக்கிறது. போன் பழக்கம் இல்லாதவர்கள் இ-சேவை மையத்திலோ, வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடமோ கேட்டுக்கொள்ளலாம்.

எங்கே கட்டினாலும் ரசீது முக்கியம். "பணத்தை கொடுங்க, ரசீது அப்புறம் தர்றேன்" என்று யார் சொன்னாலும் கொடுக்க வேண்டாம். வீடு தேடி வருகிறவரிடம் அடையாள அட்டை கேட்பது மரியாதை குறைவு அல்ல. பணம் கட்டிய பிறகு ஒரு வாரத்தில் இணையதளத்தில் பாக்கி இல்லை என்று காட்டுகிறதா என பார்த்து விடுவது நல்லது.

வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கேன்... கடை வரியா?

அவிநாசி, திருப்பூர் பக்கம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. வீட்டு முன் அறையில் பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் தைக்கிறவர்கள், பக்கவாட்டு ஷெட்டில் தறி ஓட்டுகிறவர்கள், திண்ணையை அடைத்து மளிகைக்கடை வைத்திருப்பவர்கள் ஏராளம்.

ஒரே கட்டடத்தில் வீடும் தொழிலும் இருந்தால், தொழில் நடக்கும் பரப்புக்கு மட்டும் அந்த வகையில் வரி போட வேண்டும். மீதி இடத்துக்கு குடியிருப்பு வரிதான். 800 சதுர அடி வீட்டில் 100 சதுர அடி கடை என்றால் முழு 800-க்கும் கடை வரி என்பது சரியல்ல. அதேபோல் தொழிற்கூடம் வேறு, கடை வேறு. 2022 உயர்வில் கடைக்கு 100, தொழிற்சாலைக்கு 75 சதவீதம் என்பதை மறக்க வேண்டாம். தைத்துக் கொடுக்கும் இடத்தை கடை என்று எழுதியிருந்தால் கேட்டு மாற்றுங்க.

முக்கியமாக, தொழிலை நிறுத்திய பிறகும் பலர் சொல்லாமல் விட்டு விடுகிறார்கள். ஆர்டர் இல்லாமல் மெஷினை விற்று 3 வருஷம் ஆகியிருக்கும். வரி மட்டும் பழைய வகையிலேயே வந்துகொண்டிருக்கும். பயன்பாடு மாறினால் உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவர்கள் வந்து பார்த்துத்தான் மாற்றுவார்கள். நாம் சொல்லாமல் அவர்களுக்கு தெரியாது.

அதே நேரம் மாடி எடுத்து கட்டியதை சொல்லாமல் விட்டால் தப்பித்தோம் என்று நினைக்கக் கூடாது. மறு அளவீட்டில் தெரிந்தால் கூடுதல் வரியும் பின்பாக்கியும் சேர்ந்து வரும்.

வாடகைக்கு இருக்கிறவங்க கட்டணுமா?

சொத்து வரி கட்டும் பொறுப்பு வீட்டு உரிமையாளருக்குத்தான். ஆனால் வரி கூடியதும் "200 ரூபா வாடகை சேர்த்து கொடுங்க" என்பது நடைமுறையில் நடக்கிறது. 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகை சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்து மூலம் இருக்க வேண்டும். வாடகை உயர்வும் அந்த ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். வாயால் பேசி குடிபோனவர்களுக்கு காட்ட ஒன்றும் இருக்காது. எனவே குடிபோகும்போதே வரி யார் பொறுப்பு, குடிநீர் கட்டணம் யார் பொறுப்பு என்று எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

அப்பா பேரிலேயே இருக்கு... பரவாயில்லையா?

பல வீடுகளில் அப்பாவோ தாத்தாவோ இறந்து பல வருஷம் ஆகியும் வரி அவர் பேரிலேயே வருகிறது. "கட்டுறோம்ல, அப்புறம் என்ன" என்று விட்டு விடுகிறார்கள். பிள்ளைக்கு படிப்புக்கடன், வீட்டு மேல் கடன், மின் இணைப்பு பெயர் மாற்றம் என்று வரும்போதுதான் சிக்கல் தெரியும். நகராட்சி அனுப்பும் நோட்டீசும் இறந்தவர் பேருக்கே வரும்.

வாரிசுகள் பெயர் மாற்ற இறப்பு சான்று, வாரிசு சான்று, பத்திர நகல், கடைசியாக வரி கட்டிய ரசீது தேவைப்படும். விலைக்கு வாங்கியவர்களுக்கு கிரய பத்திர நகல், வில்லங்க சான்று, வரி ரசீது. முதலில் பாக்கி எல்லாம் கட்டி முடித்திருக்க வேண்டும். பழைய வீடு வாங்குகிறவர்கள் பத்திரம் பதியும் முன்பே வரி பாக்கி, குடிநீர் கட்டண பாக்கி இரண்டையும் விசாரிப்பது அவசியம். விற்கிறவர் விட்டுச்சென்ற பாக்கி வாங்கியவர் தலையில்தான் விடியும்.

வரி ரசீது இருந்தா வீடு நமக்குத்தானா?

இல்லை. இதை அழுத்தமாக சொல்ல வேண்டியிருக்கிறது. வரி ரசீது என்பது அந்த கட்டடத்துக்கு வரி கட்டியதற்கான சான்று. அவ்வளவுதான். அது பத்திரமோ பட்டாவோ ஆகாது. கோர்ட்டுகளும் இதை பல தடவை சொல்லிவிட்டன.

அண்ணன் தம்பி 3 பேரில் ஒருவர் பேரில் வரி இருக்கிறது என்பதற்காக மற்ற 2 பேரின் பங்கு போய்விடாது. புறம்போக்கிலோ கோவில் நிலத்திலோ குடியிருப்பவர் 30 வருஷ ரசீதை அடுக்கி வைத்திருந்தாலும் அதனால் மட்டும் நிலம் சொந்தமாகாது. "வீட்டு வரி ரசீது இருக்குங்க, தைரியமா வாங்குங்க" என்று சொல்லி இடம் விற்கும் புரோக்கர்களிடம் ஜாக்கிரதை. பத்திரம், பட்டா, வில்லங்கம் 3-ம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

யாருக்கு விலக்கு?

பொது வழிபாட்டு தலங்கள், சுடுகாடு, இடுகாடு, வாடகை வாங்காத சத்திரம், பொது நூலகம் போன்றவற்றுக்கு வரி விலக்கு உண்டு. அரசியல் சட்டத்தின் 285-வது பிரிவுப்படி தபால் ஆபீஸ், ரெயில்வே போன்ற மத்திய அரசு சொத்துகளுக்கும் சொத்து வரி போட முடியாது. வழிபாடு நடக்கும் இடத்துக்குத்தான் விலக்கு. அந்த நிர்வாகம் வாடகைக்கு விட்டிருக்கும் கடைகளுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

ஏழை, முதியவர் என்பதற்காக தானாக விலக்கு கிடைக்காது. சிறிய வீட்டுக்கு உயர்வு குறைவு என்பதுதான் அவர்களுக்கு உள்ள சலுகை.

தப்பா போட்டிருந்தா என்ன செய்யலாம்?

கோபத்தில் சீட்டை கிழித்து போடுவதால் பலன் இல்லை. செய்ய வேண்டியது இதுதான்.

வீட்டை அளந்து, நீளம் அகலம் எழுதி, எது வீடு எது கடை என்று குறித்து ஒரு சின்ன வரைபடம் போடுங்க. பழைய ரசீது, புது சீட்டு இரண்டையும் ஜெராக்ஸ் எடுங்க. நகராட்சி ஆணையாளருக்கு சீராய்வு மனு எழுதி, "மறு அளவீடு செய்ய வேண்டும்" என்று தெளிவாக கேளுங்க. மனு நகலில் சீல், தேதி போட்டு வாங்குங்க. நோட்டீசில் ஆட்சேபணை தெரிவிக்க நாள் குறித்திருந்தால் அந்த கெடுவுக்குள் கொடுப்பது முக்கியம். கெடு தாண்டினால் மனுவுக்கு மரியாதை குறையும்.

ஆணையாளர் முடிவில் திருப்தி இல்லாவிட்டால் மேல்முறையீடு செய்ய சட்டத்தில் வழி உண்டு. அதுவரை வரியை கட்டாமல் நிறுத்தி வைத்தால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கட்டிவிட்டு போராடுவதே புத்திசாலித்தனம். கூடுதலாக கட்டியது தெரிந்தால் அடுத்த அரையாண்டில் கழிக்க கேட்கலாம்.

எந்த அடிப்படையில் வரி போட்டார்கள் என்று சொல்ல மறுத்தால் தகவல் அறியும் உரிமை சட்டம் கைகொடுக்கும். 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, "என் வரி விதிப்பு எண்ணுக்கு பதிவான பரப்பு, கட்டட வகை, பயன்பாடு, சதுர அடி மதிப்பு என்ன?" என்று பொது தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

கட்டாமலே விட்டால்?

முதலில் நோட்டீஸ் வரும். அடுத்து குடிநீர் இணைப்பை துண்டிப்பார்கள். பொருட்களை ஜப்தி செய்யவும், கோர்ட்டில் வழக்கு போடவும் உள்ளாட்சிக்கு அதிகாரம் இருக்கிறது. மார்ச் மாதம் வந்தால் வசூல் கெடுபிடி கூடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். பெரிய பாக்கிதாரர்களை விட்டுவிட்டு சின்ன வீட்டு குழாயை பிடுங்குகிறார்கள் என்ற புகாரும் எல்லா ஊரிலும் உண்டு. மொத்தமாக கட்ட முடியாதவர்கள் ஒளிந்து கொள்வதை விட, நேரில் போய் பழைய அரையாண்டு பாக்கியில் இருந்து ஒவ்வொன்றாக கட்ட ஆரம்பிப்பது நல்லது.

நம்ம காசு எங்கே போகுது?

இந்த வரி சென்னைக்கோ டெல்லிக்கோ போவதில்லை. குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, சாக்கடை, தெரு ரோடு எல்லாவற்றுக்கும் நகராட்சியின் சொந்த வருமானத்தில் முக்கியமானது இதுதான். சொத்து வரியோடு ஒரு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் வசூலாகிறது. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு சேர வேண்டியது. ஊர் லைப்ரரியில் பேப்பர் படிக்கிற ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

ஆகவே வரி கட்டியவர், தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்க முழு உரிமை உள்ளவர். ரசீதை கையில் வைத்துக்கொண்டு தைரியமாக கேட்கலாம்.

மறக்காம பார்க்க வேண்டிய 6 விஷயங்கள்

1. சீட்டில் பெயர் சரியாக இருக்கிறதா?
2. சதுர அடி சரியா?
3. தார்சு, ஓடு, ஷீட் எது என்று சரியாக எழுதியிருக்கிறதா?
4. வீட்டை கடை என்று போட்டிருக்கிறார்களா?
5. ஏப்ரல், அக்டோபர் மாதத்துக்குள் கட்டி 5 சதவீதம் கழித்தீர்களா?
6. பழைய ரசீதுகள் எல்லாம் ஒரே பையில் பத்திரமாக இருக்கிறதா?

இந்த 6-க்கும் பதில் "ஆமாங்க, சரியா இருக்குங்க" என்றால் நிம்மதியாக தூங்கலாம். ஒன்றில் சந்தேகம் இருந்தாலும் நாளை காலை வேலைக்கு போகும் வழியில் நகராட்சி ஆபீசில் ஒரு எட்டு விசாரித்து விடுங்க.